சங்கத்து லேப்டாப்பும் விரியாத அரும்பும்

வேலாங்குளத்தில் மல்லிகை விடியுமுன் பறிக்கப்பட்டு, வெயில் ஏறுமுன் மண்டிக்கு வந்து, சாயங்காலத்துக்குள் விரிந்துவிடும். விரிந்த பூவைச் செண்ட் ஆலைக்காரர்கள் தவிர யாரும் சீண்டுவதில்லை. ஆகவே அந்த ஊரில் பூவுக்கு அவசரம் உண்டு, பூவை விற்பவனுக்கு அதைவிட அவசரம் உண்டு, பூவை வாங்கும் மண்டிக்காரனுக்கு மட்டும் அவசரம் இல்லை. அவசரமில்லாதவன் சொன்னதே விலை. இந்த ஏற்பாடு நெடுங்காலம் நடந்துவந்ததும், பூ வளர்ப்போர் சங்கத்து லேப்டாப் வேகம் குறைந்ததோடு அது நின்றுபோனதும், நிறுத்தியது யார் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் சந்தேகித்ததும், லேப்டாப்புக்கு வேறு சிஸ்டம் போடுவதென்று முடிவானபோது அந்தச் சந்தேகம் மூன்று பென் டிரைவ்களின் மேல் போய் உட்கார்ந்ததும் இங்கே சொல்லப்படுகின்றன.

லேப்டாப் சங்கத்துக்கு வந்தபோதே பழையது. இரண்டு ஜிபி மெமரி, சுற்றும்போது முனகும் ஹார்ட் டிஸ்க், சார்ஜரைப் பிடுங்கினால் உயிர்விடும் பேட்டரி. அதில் இருந்த சிஸ்டம் வருஷத்துக்கு வருஷம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தில் இன்னும் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் தட்டியவர் எதைத் தட்டினோம் என்பதை மறந்துபோகிற நிலைக்கு வந்தது. ஒரு நாள் அந்த மந்தம் லேப்டாப்புக்குள் அடங்காமல் வழிந்தது. மேசை விளிம்பைத் தாண்டி, தரையில் இறங்கி, சுவர்வரை பரவி, சங்கத்து அறையின் வாசற்படியில் வந்து நின்றது. அன்றுமுதல் அந்த அறையில் நேரமும் லேப்டாப்பின் வேகத்திலேயே ஓடியது.

அதை முதலில் காட்டிக்கொடுத்தது ஞானசவுந்தரியின் தலைப்பூ. சவுந்தரி சங்கத்தின் கணக்குப் பதிவாளர். அறையில் தினமும் உட்காருகிற ஒரே ஆள். காலையில் வைத்துக்கொண்டு போகிற அரும்பு, வீடு திரும்பும்போதும் அரும்பாகவே இருந்தது. பூ விளையும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. சாயங்காலம் ஒரு பெண்ணின் தலையில் விரியாத அரும்பு இருந்தால் மத்தியானத்துக்குமேல் அவளுக்கு யாரோ புதுப்பூ கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

"ஏப்பா அருளு, ரெண்டாவது பூ நீயா வாங்கிக் குடுக்குற?" என்று சங்கத் தலைவர் சின்னக்கருப்பையா அவளுடைய கணவனிடம் கேட்டார்.

அருள்ராஜ் பூ வேன் ஓட்டுபவன். வேனை எதிர்ச் சாரியில் நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக மனைவியைக் கண்காணித்தான். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து நெற்றி முடியை ஒதுக்குவதற்குள் அவன் ஒரு பீடியை முழுசாகப் பிடித்து முடித்தான். எந்த ஆணும் உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை. அவன் தலைவரிடம் திரும்பி வந்து, "யாரும் வரலண்ணே. அவளே அங்க முழுசா வந்து சேரலைன்னுதான் எனக்குத் தோணுது" என்றான்.

விஷயம் புரிந்ததும் ஊர் ஆச்சரியப்படுவதில் நேரத்தை வீணாக்கவில்லை. மண்டியில் விலை மட்டமாக இருக்கும் நாட்களில் பூக்காரர்கள் அரும்பை ஈரச்சாக்கில் கட்டிச் சங்கத்து அறையில் அடுக்கினார்கள். முகூர்த்த நாள் வந்ததும் எடுத்துவந்து, பறித்த ஈரம் காயாத பூவாக விற்றார்கள். அடுத்த தெருவிலிருந்து மீன் வந்தது, பால் வந்தது, வெட்டிய தர்பூசணி வந்தது. பல்வலிக்காரர்களை மட்டும் உள்ளே விடவில்லை, ஏனென்றால் ஒருவர் ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு, வலி ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் இடையில் நின்று யோசிக்கிறது என்று அழுதார். மனைவியோடு சண்டை போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறலாம் என்று உள்ளே போன ஒருவன் வெளியே வந்தபோது, அவள் தாய்வீட்டுக்குப் போய், பஞ்சாயத்து கூடி, அவன் இல்லாமலே தீர்ப்பும் ஆகியிருந்தது. தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே பார்த்தால் தலைசுற்றுகிறது என்று ஜன்னலில் பழைய காலண்டர் தாள் ஒட்டப்பட்டது. லேப்டாப்பை யாரும் எக்காரணம் கொண்டும் அணைக்கக்கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது.

மண்டிக்காரர்கள் இதை இயற்கை என்று ஒப்புக்கொள்ளவில்லை. பூ காத்திருக்கக் கற்றுக்கொண்டதும் தங்கள் பிழைப்பு கெட்டது, ஆகவே இது திட்டமிட்டுச் செய்தது என்று பெரிய மண்டி வைத்திருந்த வெள்ளையப்பன் சொன்னார். லேப்டாப்பை மண்டிக்காரர்கள் திருடிவிடுவார்கள் என்று சங்கம் சந்தேகித்து அறைக்கு இரண்டாவது பூட்டுப் போட்டது. இரண்டாவது பூட்டு எதற்கு என்று மண்டிக்காரர்கள் சந்தேகித்தார்கள். சாவி வைத்திருப்பவனை இரு தரப்பும் சந்தேகித்தது.

இதற்கெல்லாம் நடுவில் சவுந்தரிக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அவள் மகள் தர்ஷிகாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உள்ளே போவாள். அன்றைய பூ எடைகளைப் பதிவு செய்தாகவேண்டும்; இயந்திரமும் அவளும் சேர்ந்தே மந்தமாகிவிட்டதால் அவளுக்கு அது கொஞ்ச நேர வேலையாகத்தான் தெரியும்; முடித்து வெளியே வந்தால் தெரு விளக்கு எரியும், மகள் சாப்பிட்டுப் படுத்திருப்பாள். மூன்றாம் வகுப்பில் ரெட்டைச் சடை போட்டு அனுப்பிய பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கண்ணில்பட்டு, ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் உயரமாகி, பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்து, சடையை வெட்டிக்கொண்டது. சவுந்தரிக்கும் அவள் தங்கைக்கும் ஒரே வயதாகிவிட்டது. சம்பளத்திலும் பேச்சு வந்தது. அவள் கைக்கடிகாரப்படி அவள் வேலை செய்வது கொஞ்சம்தானே, முழுநாள் கூலி ஏன் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள்.

சங்கப் பொதுக்கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"லேப்டாப்புக்கு வேற சிஸ்டம் போடணும் தலைவரே. அந்த மெஷின் தாங்குற மாதிரி லேசா ஒண்ணு."

"இப்ப என்னத்தா அவசரம்?"

"எம்மக ஜூன் மாசம் திருச்சிக்குப் படிக்கப் போறா. ஹாஸ்டல். அதுக்கு முன்னாடி இந்த லீவுல அவளை முழிச்சிருக்கையில பாக்கணும்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "வேலைய விட்டுட்டு உக்காந்து பாக்க வேண்டியதுதானே தங்கச்சி" என்றார்.

"விட்டா அவ திருச்சிக்குப் போகமாட்டா. இங்கயே இருந்து பூக் கட்டுவா. உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்வீங்களாண்ணே?"

தலைவருக்கு இந்தக் கோரிக்கையின் பின்னால் மண்டிக்காரர்கள் இருக்கிறார்களோ என்று பட்டது. ஆனால் லேப்டாப் எந்த நிமிஷமும் செத்துவிடலாம், செத்தால் உள்ளே அடுக்கியிருக்கிற பூவெல்லாம் ஒரே மூச்சில் விரிந்துவிடும் என்கிற பயமும் அவருக்கு இருந்தது. மெக்கானிக்கை வரச்சொல்லிப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. செய்தி கேட்டு வெள்ளையப்பன் தானும் கூட இருப்பேன் என்றார்.

வத்தலக்குண்டிலிருந்து எட்வின் என்கிற மெக்கானிக் வந்து, லேப்டாப்பை அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வெளியே வந்தான். பத்து நிமிஷம்தான் பார்த்ததாகச் சத்தியம் செய்தான், ஒரு நாள் கூலி கேட்டான்.

"இந்த மெஷினுக்கு இப்ப இருக்குற சிஸ்டம் ஆகாதுண்ணே. லினக்ஸ்ல ஏதாச்சும் ஒண்ணு போடலாம், காசு கிடையாது" என்றான்.

"காசு கிடையாதா?" என்றார் வெள்ளையப்பன். "சும்மா எவன் குடுப்பான்? அவனுக்கு என்ன லாபம்?"

"ஊரு உலகத்துல பல பேர் சேந்து செய்றாய்ங்கண்ணே. யாரு வேணா எடுத்துக்கலாம்."

"பல பேருன்னா எந்தெந்த ஊர்க்காரன்?"

எட்வின் மூன்று பென் டிரைவ்களை மேசைமேல் வைத்தான். சிவப்பில் இருந்த சிஸ்டம் பார்க்கப் பழையதைப் போலவே இருக்கும், எல்லா வசதியும் உண்டு, ஆனால் இந்த இயந்திரத்துக்குக் கொஞ்சம் அதிகம். நீலத்தில் இருந்தது நடுத்தரம். தேவையானது மட்டும் இருக்கும், தமிழ் தட்டலாம், பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறந்தால் இன்னொரு பக்கத்தை மூடவேண்டியிருக்கும், மற்றபடி பொருத்தமானது அதுதான். கறுப்பில் இருந்ததில் ஒன்றுமே இல்லை. இருண்ட திரை, வெள்ளை எழுத்து, தட்டினால் பதிவாகும், அவ்வளவுதான். மூன்றையும் இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம் என்றான்.

எந்தச் சிஸ்டத்தில் அறையின் நேரம் எப்படி ஓடுகிறது என்று சோதிக்கவேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். ஒரு கடிகாரத்தை உள்ளே வைத்து எடுத்தால் தெரிந்துவிடுமே என்று எட்வின் சொன்னபோது இரு தரப்பும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தது.

"கடிகாரத்தைத் திருகி வைக்கலாம் தம்பி. பூவைத் திருகி வைக்க முடியுமா?" என்றார் சின்னக்கருப்பையா. வெள்ளையப்பனும் தலையாட்டினார். பல வருஷங்களில் இருவரும் ஒன்றாகத் தலையாட்டியது அன்றுதான்.

ஆகவே சங்கத்தின் சார்பில் ஒரு தட்டு அரும்பும் மண்டியின் சார்பில் ஒரு தட்டு அரும்பும் லேப்டாப்பின் இரு பக்கத்தில் வைக்கப்பட்டன. சிவப்பை ஓட்டினார்கள். சாயங்காலம் கதவைத் திறந்தபோது இரண்டு தட்டும் வைத்த மேனிக்கே இருந்தன. பூக்காரர்கள் இதுவே போதும் என்றார்கள். இது பழைய கள்ளனுக்குப் புதுச் சட்டை என்று மண்டிக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

நீலத்தை ஓட்டிய நாளில் சவுந்தரி உள்ளே உட்கார்ந்திருந்தாள். டீ ஆறவேண்டிய நேரத்தில் ஆறியது. மத்தியானம் ஆகியிருக்கும் என்று நினைத்து வெளியே வந்தாள், மத்தியானமாகவே இருந்தது. தெருவில் நின்று சூரியனை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுதாண்ணே. இது போதும்" என்று தலைவரிடம் சொன்னாள்.

"உனக்குப் போதும்னு சொல்றத வச்சு முடிவு பண்ண முடியாதுத்தா. உனக்கு இதுல லாபம் இருக்கு. பூ என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார் தலைவர்.

பூ இரண்டு விதமாகச் சொன்னது. சங்கத்துத் தட்டில் இருந்த அரும்பு எல்லாம் வாய் பிளந்து, சில இதழ் பழுத்துக் கிடந்தன. மண்டித் தட்டில் இருந்தவை அசையாமல் இறுகிக் கிடந்தன. சங்கத்தார் அறையில் முந்தின வாரமே அடுக்கியிருந்த பழைய பூவைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று மண்டிக்காரர்கள் சொன்னார்கள். மண்டிக்காரர்கள் எந்தக் காலத்திலும் விரியாத பச்சைப் பிஞ்சைக் கிள்ளிக்கொண்டுவந்து வைத்தார்கள் என்று சங்கத்தார் சொன்னார்கள். விசாரித்தவரையில் இரண்டும் உண்மை. நடுத்தரமான ஒன்று நிலைத்துவிட்டால் தங்கள் தரப்பு தோற்றுவிடும் என்று இருவரும் தனித்தனியே பயந்திருந்தார்கள். ஆனால் கத்திக் கத்திச் சாயங்காலம் ஆவதற்குள் தலைவர் நீலத்தில் பூ உடனே அழுகிவிடும் என்று மனதார நம்பினார், வெள்ளையப்பன் நீலத்தில் பூ உலகம் உள்ளவரை விரியாது என்று மனதார நம்பினார், தாங்களே ஏமாற்றி வைத்த பூவைப் பார்த்துத் தாங்களே ஏமாந்தார்கள்.

"அப்ப கறுப்பை ஓட்டிப் பாப்பமா?" என்றான் எட்வின்.

"சோதிக்க வேணாம். சோதிச்சாத்தானே கோளாறு வருது. அப்படியே போட்ரு" என்றார் வெள்ளையப்பன். மூன்றில் எது வேகம் என்று எட்வினைத் தனியே கூப்பிட்டு ஏற்கெனவே கேட்டுவைத்திருந்தார்.

சின்னக்கருப்பையாவும் தடுக்கவில்லை. ஒன்றுமே இல்லாத சிஸ்டம் ஆளில்லாத வீடு போன்றது, அங்கே எதுவும் நகராது என்பது அவர் கணக்கு. அதைவிட முக்கியமாக, கறுப்பின் மேல் எதிர்த்தரப்பின் கை இன்னும் படவில்லை.

"எனக்கு நீலம் போதும்ணே" என்று சவுந்தரி மறுபடியும் சொன்னாள். அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

சோதனைக்குப்பின் பழைய சிஸ்டத்துக்கே திரும்பி, மறுபடி மூட்டை மூட்டையாகப் பூ அடுக்கியிருந்த அறைக்குள் எட்வின் கறுப்பு பென் டிரைவோடு போனான். அவன் போட்டது பிடித்துக்கொண்டதும் உள்ளிருந்து பல மடங்கு பெருகிய பூவாடை குப்பென்று கிளம்பி, தெரு தாண்டுவதற்குள் அழுகல் வாடையாக மாறியது. அந்த வாடைக்குப் பின்னாலேயே எட்வினும் வெளியே வந்தான். முகத்தில் தாடி முளைத்திருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து பிஸ்கட் கேட்டான்.

"பழைய ஹார்ட் டிஸ்க்குண்ணே. ஏறவே மாட்டேங்குது. நடுவுல விட்டுட்டும் வர முடியல" என்றான்.

அறைக்குள் நேரம் இப்போது மறுபக்கம் புரண்டு ஓடியது. முகூர்த்தத்துக்கென்று சேர்த்திருந்த அரும்பு எல்லாம் கறுத்துச் சாக்கின் வழியே ஒழுகியது. மண்டிக்காரர்கள் அன்று மிட்டாய் வழங்கினார்கள். பூக்காரர்கள் மறுநாள் விடியுமுன் பூப் பறித்து, வெயில் ஏறுமுன் மண்டிக்கு வந்து, சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எட்வின் மண்டியிடம் காசு வாங்கிவிட்டான் என்று சங்கமும், அவன் சங்கத்திடம் இன்னொரு பென் டிரைவ் ரகசியமாகக் கொடுத்துவைத்திருக்கிறான் என்று மண்டியும் சந்தேகித்தன. ஊர் வழக்கம்போல ஆச்சரியப்படாமல் அறையைப் புதிய விதத்தில் பயன்படுத்தத் தொடங்கியது. வாழைத்தார் வந்தது, மாங்காய் வந்தது, உறை ஊற்றிய பாலும் அப்போதுதான் ஆட்டிய மாவும் வந்தன. கால் முறிந்து மாவுக்கட்டுப் பிரிக்கவேண்டியவர்கள் மதியச் சோற்றோடு வந்து படுத்தார்கள். பதினெட்டு நிறையாத ஒருவன் உள்ளேயே கிடந்து மீசையோடு வெளியே வந்து லைசென்ஸ் கேட்டான். பிறப்புச் சான்றிதழ் அவன் மீசையை ஒப்புக்கொள்ளவில்லை.

சவுந்தரி காலையில் உள்ளே போய், இருண்ட திரையில் அன்றைய எடைகளை எல்லாம் நிதானமாகத் தட்டி, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் கழற்றிவிட்ட செருப்பில் இன்னும் அவள் கால் சூடு இருக்கும். உள்ளே நெட் வராது, வருவதற்குள் அவள் கிழவியாகிவிடுவாள் என்பதால், பதிவுகளை அனுப்புவது மட்டும் கணவனின் போனிலிருந்து. அவ்வளவுதான் வேலை. மீதி நாள் முழுக்க அவளுடையது. அவள் வாசற்படியில் கால் வைத்து எடுத்ததற்கு முழுநாள் கூலியா என்று சங்கத்தில் மறுபடி பேச்சு வந்தது. முன்பு கொஞ்ச நேரம் என்று குறைசொன்ன அதே கைக்கடிகாரத்தை அவள் காட்டினாள். கடிகாரத்தைத் திருகியிருக்கலாம் என்றார்கள்.

வீட்டில் அவளை அதைவிடச் சந்தேகமாகப் பார்த்தது மகள்.

"என்னம்மா, வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?"

"இல்லடி."

"அப்ப ஏன் வீட்ல உக்காந்திருக்க?"

"சும்மாதான். உன்னைப் பாக்கலாம்னு."

"பாத்துட்டல்ல?"

தர்ஷிகா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் பகல்களை அம்மா இல்லாமல் நிரப்பிக்கொள்ள ஒன்பது வருஷமாகப் பழகியிருந்தாள். தோழிகள் இருந்தார்கள், தையல் கிளாஸ் இருந்தது, போனுக்குள் ஒரு பெரிய ஊரே இருந்தது. சவுந்தரி மத்தியானத்தில் சமைத்து வைத்தாள், மகள் வழக்கம்போல அத்தை வீட்டில் சாப்பிட்டு வந்தாள். சவுந்தரி தலைவாரிவிடக் கூப்பிட்டாள், மகளுக்கு வாருவதற்கு முடி இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில், புதிதாகக் குடிவந்த வாடகைக்காரரும் வீட்டுக்காரரும் போல மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. நேரம் கிடைத்துவிட்டது, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சவுந்தரி கணவனிடம் சொன்னாள். அருள்ராஜ், "அவளா வரணும், விடு" என்றான்.

திருச்சிக்குப் புறப்படும் காலையில் டிரங்குப் பெட்டியும் பக்கெட்டும் பூ வேனில் ஏற்றப்பட்டன. முந்தின நாள் தோழிகள் கூடித் தர்ஷிகாவின் இரண்டு கையிலும் முழங்கைவரை மருதாணி வைத்திருந்தார்கள். அது காபிப்பொடி நிறத்தில் அழுத்தமாகப் பிடித்திருந்தது. வழியில் அன்றைய பதிவை முடித்துக் கிளம்பலாம் என்று வேன் சங்கத்து வாசலில் நின்றது. சவுந்தரி இறங்கினாள். மகள் உட்கார்ந்தபடியே கேட்டாள்:

"அம்மா, அந்த ரூம்ல நெட் வராதுல்ல?"

"வராது."

தர்ஷிகா போனை வேனின் முன்பலகையில் கவிழ்த்து வைத்தாள். இறங்கி, டிரங்குப் பெட்டிமேல் கட்டியிருந்த ஹாஸ்டல் பாயையும் தலையணையையும் அவிழ்த்தாள். எதிரே இருந்த கடையில் அரிசி, பருப்பு, வெங்காயம், முட்டை, இரண்டு கேன் தண்ணீர் வாங்கினாள். சங்கத்தில் டீ போட வைத்திருந்த மின்னடுப்பு வேலை செய்யுமா என்று தலைவரிடம் கேட்டாள்.

"எதுக்கும்மா?" என்றார் அவர்.

"அம்மாகூட கொஞ்சம் பேசணும் பெரியப்பா."

இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். சின்னக்கருப்பையா உடனே மின்சார மீட்டரிடம் போய் நின்றார். அதன் எண்கள் தடதடவென்று ஓடுவதைப் பார்த்து, சங்கத்துக் கரண்டில் குடும்பமே நடத்துகிறார்கள் என்று மண்டிவரை கேட்கும்படி சொன்னார். வெள்ளையப்பன் வந்து, உள்ளே அம்மாவும் மகளும் பழைய சிஸ்டத்தை மறுபடி ஏற்றுகிறார்களோ என்றார். ஒருவர் காலண்டர் தாளைக் கிழித்து ஜன்னலில் கண்ணை வைத்தார். எதுவும் தெரியவில்லை, அறை முழுவதும் கலங்கிய தண்ணீர்போல் இருக்கிறது என்றார். சிரிப்புச் சத்தம் போல ஏதோ கேட்டதாக ஒருவரும், சண்டை போலக் கேட்டதாக இன்னொருவரும் சொன்னார்கள். இரண்டும் கொசு ரீங்காரம் அளவுக்கே இருந்ததால் உறுதிப்படுத்த முடியவில்லை.

அருள்ராஜ் பொறுத்துப் பார்த்தான். சாலையில் வெயில் ஏறுகிறது, திருச்சி தூரம். பிறகு ஹாரனை அழுத்திப் பிடித்தான்.

கதவு திறந்தது. தர்ஷிகா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் வந்தாள். பின்னால் சவுந்தரி காலிக் கேன்களோடு வந்தாள். இருவர் கண்களும் வீங்கியிருந்தன. மகள் வேன் கம்பியைப் பிடித்து ஏறும்போது அருள்ராஜ் அவள் கையைப் பார்த்தான். மருதாணி வெளிறி, நகத்தடியில் மட்டும் ஆரஞ்சுக் கோடாக நின்றிருந்தது.

அவன் வேனைக் கிளப்பிக்கொண்டே, "இவ்வளவு நேரமா?" என்றான்.

"பத்தலப்பா" என்றாள் மகள்.